சத்தம் போடாத சிலிண்டர்

போர்க்கப்பலின் மருத்துவ அறைக்கு ஆள் வருவதே அபூர்வம். தலைவலி, சேற்றுப்புண், சமையல்காரர் விரலை நறுக்கிக்கொண்டது, மிஞ்சினால் அவ்வளவுதான். ஆனாலும் இந்த நிமிடமே ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டு வந்து விழுவான் என்பது போல அங்கே எல்லாம் தயாராக இருந்தாக வேண்டும். மருந்துகள், ஊசிகள், பேட்டரிகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்சிஜன் சிலிண்டர்கள். இவற்றைப் பார்த்துக்கொள்பவனுக்குக் கப்பலில் வைத்த பெயர் பஞ்சு.

சிலிண்டரைப் பஞ்சு காதால் பார்ப்பான். வால்வைத் திறந்து, அதன் கழுத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

"பஞ்சு ஜோசியம் கேக்குறான்டோய்" என்பார் சமையல்காரர். சிரித்துவிட்டுப் போகட்டும், காசா பணமா?

அன்றைக்குக் காலையிலிருந்தே மூடுபனி. கடலையும் காணோம், வானத்தையும் காணோம். கப்பல் ஊர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. வட்டச் சன்னலும் வெள்ளை, படுக்கை விரிப்பும் வெள்ளை. யாரோ காணும் கனவுக்குள் கப்பலோடு நுழைந்துவிட்டோமோ என்று பஞ்சுவுக்குத் தோன்றியது. அந்த மயக்கத்திலேயே நடந்துபோய், வீட்டோடு போனில் பேசும் வரிசையில் நின்றான்.

வீட்டில் அப்பாவின் நுரையீரல் ஓய்ந்துவிட்டது. ராப்பகலாக சிலிண்டர் காற்றுதான். யாருக்கும் வேண்டாத காற்றைக் கடலில் காவல் காத்துக்கொண்டு, பெற்றவரின் காற்றை அக்கா தலையில் கட்டிவிட்டோமே என்று அவனுக்கு உள்ளுக்குள் எப்போதும் அரிக்கும்.

"காலையிலதான்டா புது சிலிண்டர் மாட்டினேன். மீட்டர் முள்ளு விறுவிறுன்னு எறங்குது. அடுத்தது நாளைக்குத்தான் வருமாம்." போனில் அக்கா படபடவென்று கொட்டினாள். "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"போனை சிலிண்டர் கழுத்துகிட்ட வை."

கண்ணை மூடிக்கொண்டான். சிலிண்டரில் மாட்டிய தண்ணீர் பாட்டிலில் காற்று குமிழியிடும் சத்தம். அதற்கு அடியில், நூல் இழை மாதிரி ஒரு 'உஸ்'. அவனுக்கு நன்றாகப் பழக்கமான 'உஸ்'தான்.

"அக்கா, புது வாஷர் போட்டியா?"

"போட்டேனே."

"பழசை எடுத்தியா?"

"அது விழுந்துபோச்சுன்னு நெனச்சேன்."

"உள்ள ஒட்டிக்கிட்டிருக்கும். ரெண்டு இருந்தா கசியும். வால்வை மூடிட்டுக் கழட்டு."

"மூடினா அப்பாவுக்கு?"

அவன் பயந்ததும் அதுதான். "நிமிர்த்தி உட்கார வை. தாங்குவார்."

"இறுகிக் கெடக்குடா. ஒரு சொட்டு எண்ணெய் விடட்டுமா?"

"எண்ணெய் மட்டும் வேண்டாம்! ஆக்சிஜன் பட்டா தீப்பிடிச்சுக்கும்!" அவன் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

குமிழிச் சத்தம் நின்றது. அப்பா மூச்சை இழுப்பது மட்டும் கேட்டது. இழுப்பு, இடைவெளி, மறுபடி இழுப்பு. பஞ்சுவும் மூச்சு விடவில்லை. கழற்றும் சாவி தரையில் விழும் சத்தம் கேட்டது. அக்கா அழுதுகொண்டே தேடினாள். வெளியே பனி அசையாமல் நின்றது. பின்னால் வரிசையில் நின்ற சமையல்காரர் ஓரடி நெருங்கி வந்தார்.

"பழசை எடுத்துட்டேன். தொறக்குறேன்."

மறுபடி குமிழி. அதற்கு அடியில் காதைக் கூராக்கித் தேடினான். ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு இனிமையான ஒன்றுமில்லாமையை அவன் கேட்டதே இல்லை.

"முள்ளு?"

"அப்படியே நிக்குதுடா."

கண்ணில் நீர் வழிய அவன் பேசாமல் நின்றான். சமையல்காரர் அவன் தோளைத் தட்டினார். "என் முறையையும் நீயே பேசு. என் பொண்டாட்டி திட்டுறது அடுத்த வாரமும் இருக்கும்."

போன் அப்பாவிடம் போயிற்று. முகமூடிக்குள்ளிருந்து அவர் குரல் மெல்ல வந்தது.

"டேய்... என்னடா சத்தத்தையே காணோம்? இருக்கியா?"

"இருக்கேன்ப்பா" என்றான் பஞ்சு. "நீங்க மூச்சு விடுங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."