நான் பார்க்காத ஏரி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது, ஆகவே கதையும் என்னுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கடலும் மலையும் எட்டாத ஒரு சிற்றூரில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் ஒரு பக்கம் போய் மாலையில் திரும்புவதாகத் திட்டம். ‘இந்த ஊரின் நடுவே நின்றால் நான்கு திசையிலும்…’ என்று ஆரம்பித்தேன். [அடித்துவிட்டேன். எந்த ஊரில் நின்றாலும் நான்கு திசைதான்.]

2

விடுதியை நடத்துபவரை எல்லோரும் அக்கா என்றார்கள். என்னைவிட இளையவர், நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். காலையில் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டு தருவார். எந்தப் பேருந்து, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு. ஒரு நாளும் பிசகியதில்லை.

“எல்லா எடமும் அத்துப்படி போல,” என்றேன்.

“நான் எங்க போனேன்? பதினோரு வருஷமா இந்த மேசைய விட்டு நகரல. சாயங்காலம் திரும்பி வர்றவங்கள கேட்டுக் கேட்டு எழுதுறதுதான்.”

(இங்கே அவரைப் பாவப்பட்டவராக்க என் கை துறுதுறுத்தது. அவரோ வெள்ளரிக்காய் தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்.)

3

ஐந்தாம் நாள் ஏரி. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்பதால் அவரிடம் தகவல் இல்லை. நான் பாதி வழியில் இறங்கி, டீக்கடை பெஞ்சில் பொழுதை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். அலுப்பு, வேறு காரணம் இல்லை.

“ஏரி எப்பிடி இருந்துச்சு?”

வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். பச்சைத் தண்ணீர், நடுவில் திட்டு, திட்டு முழுக்க வெள்ளைப் பறவைகள். அவர் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“கேக்குறப்பவே போகணும்னு இருக்கு.”

4

இன்று ஞாயிறு. மேசையில் தங்கையை உட்காரவைத்துவிட்டு அக்கா ஏரிக்குப் போகும் பேருந்தில் ஏறிவிட்டார். வழியனுப்ப வந்த நான்…

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அவர் இறங்கி மேசைக்கே போய்விடுகிறார். இனி யார் சொன்னாலும் நம்பமாட்டார். [அவருடைய சீட்டுகள் முழுக்க நம்பிக்கையில் எழுதியவை.]

முடிவு இரண்டு: ஏரி நான் சொன்னபடியே இருக்கிறது. [அவ்வளவு அதிர்ஷ்டம் எனக்குக் கிடையாது.]

மூன்றாவதை யோசிப்பதற்குள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். “நீங்கதான் பாத்தவராச்சே. வாங்க, அந்தத் திட்டு எந்தப் பக்கம்னு காட்டுங்க.” பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெட்கமாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். வண்டி ஊரைத் தாண்டியது. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாததை இரண்டாம் முறை இட்டுக்கட்ட மாட்டேன்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்,” என்றேன்.

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வரியை நீங்கள் சொல்லுங்கள்.