நாற்பது வீடுகள்

காலை ஏழரைக்கு ஆசிரியை நாஹித் தேநீர் போட்டாள். நேற்றைய ரொட்டியைச் சுட்டு, அவித்த மொச்சையோடு நின்றபடியே தின்றாள். மடிக்கணினியை ஒரு அட்டைப்பெட்டியின் மேல் ஏற்றி வைத்தாள். எட்டு மணிக்கு முப்பத்தோரு பிள்ளைகளும் திரைக்கு வந்தார்கள். வழக்கம்போல் ஒரே அழுத்தில் எல்லோருடைய மைக்கையும் அணைத்தாள். இல்லாவிட்டால் ஒரு வீட்டில் சேவல் கூவும், இன்னொரு வீட்டு வாசலில் எரிவாயுக்காரன் உருளையைத் தட்டுவான். தமன்ஹூர் ஊரே வகுப்புக்குள் வந்துவிடும். எழுதிக் கேட்கும் பெட்டியையும் மூடினாள். அதில் சிரிப்புப் பொம்மைகள்தான் வரும்.

எட்டு வாரமாக மேல்நிலைப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி செய்யச் சொல்லிக்கொடுக்கிறாள். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, சொன்னவரை எப்படிக் குறிப்பது. ஆண்டுத் தேர்வுக்குப் பதில் பிள்ளைகள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைதான். தேறாவிட்டால் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு. தலைப்பு, எங்கள் தெருவின் குடிநீர்.

வந்த முப்பத்தோரு கட்டுரைகளிலும், போய்க் கேட்டதாக அதே நாற்பது வீடுகள், அதே பதில்கள். ரயிலடிக்கு எதிரே உள்ள எழுதுபொருள் கடையில் கட்டுரை தயாராகக் கிடைக்கிறதாம். பெயரை மட்டும் நிரப்பினால் போதுமாம்.

மதியத்துக்குள் மதிப்பெண் அனுப்ப வேண்டும். நாஹித் முதலில் ரீஹாம் என்ற மாணவியின் மைக்கை மட்டும் திறந்தாள்.

"நாப்பது வீட்ல கேட்டதா எழுதியிருக்கே. உங்க வீட்ல என்ன சொன்னாங்க?"

ரீஹாம் குனிந்து பார்த்தாள். மேசைக்கடியிலிருந்து ஒரு ஆண்குரல் கிசுகிசுத்தது. "நல்ல தண்ணின்னு சொல்லு."

"அங்க யாரு?"

"யாருமில்ல மிஸ்."

"அந்த யாருமில்லாதவர வெளிய வரச் சொல்லு. முட்டி வலிக்கும்."

அவளுடைய அப்பா ஷவ்கி தலையைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். "ஊரே வாங்குது மிஸ். எம்பொண்ணு மட்டும் ஒரு வருசத்த எழக்கணுமா? இருக்கறதுல நல்லதாப் பாத்துத்தான் வாங்கினேன்."

"அமுக்கிப் பாத்து வாங்க அதென்ன தக்காளியா, ஷவ்கி சார்? சரி, உங்க வீட்டுத் தண்ணி எப்படி வருது?"

"காலையில மஞ்சளா வரும். கொஞ்சம் நாறும்."

"கட்டுரையில பளிங்கு மாதிரின்னு இருக்கே. நாளைக்கு நீங்க தண்ணி ஆபீஸ்ல புகார் குடுக்கப் போனா, அங்க இருக்கறவன் உங்க பொண்ணு எழுதினதத்தான் எடுத்து நீட்டுவான்."



நாஹித்துக்குப் பொறுமை போனது. "எட்டு வாரமா தொண்டை வத்தக் கத்தினேன் ரீஹாம். ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்டீங்களா?"

"நான் கேட்டேன் மிஸ். மூணாவது வாரம். எங்க தண்ணி ஏன் மஞ்சளா வருது, அத யார்கிட்ட போய்க் கேக்கணும்னு."

"என் காதுல விழலையே."

"மைக் அணைஞ்சிருந்துச்சு. கையத் தூக்கிட்டே இருந்தேன். நீங்க அடுத்த பக்கத்துக்குப் போயிட்டீங்க."

நாஹித் திரையைப் பார்த்தாள். முப்பது முகங்கள், அணைந்த மைக்குகளின் மேல் முப்பது சிவப்புக் கோடுகள். கேள்வி கேட்பது எப்படி என்று எட்டு வாரம் தான் மட்டுமே பேசியிருக்கிறாள். எல்லா மைக்கையும் திறந்துவிட்டாள். சேவல் கூவியது. எங்கோ உருளையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இந்தக் கட்டுரை எதுவும் செல்லாது," என்றாள். "ஒரு வாரம் தர்றேன். பள்ளிக்கூடத்துல நான் பேசிக்கறேன். நாப்பது வீடு வேணாம், நாலு வீடு போதும். ஆனா நீங்களே போய்க் கேக்கணும்."

ஷவ்கி முனகினார். "அந்தக் கடையவே மூடணும் மிஸ்."

ரீஹாம் அப்பாவைப் பார்த்தாள், பிறகு ஆசிரியையை.

"கடைய மூடினா இன்னொரு கடை தொறப்பாங்கப்பா. மிஸ், நாங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னா, மொதல்ல எங்க வாய மூடாதீங்க."