பின்பெட்டியில் இரண்டு ஷாஃப்ட்டுகள்

மீரா சாஹிப் பாய் அதைச் சொன்னபோது மோகனா பக்கத்தில்தான் நின்றாள். பிற்பாடு எத்தனை முறை நினைத்துப் பார்த்தும், தான் அங்கே இல்லை என்று அவளால் மனசை ஏமாற்ற முடிந்ததில்லை.

ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் வரும் பழைய கார்களைப் பிரித்து விற்கிற கடை, மலாக்காவை ஒட்டிய குருபோங்கில் பாய் வைத்திருந்தார். மோகனாவின் கணவன் நாகமுத்துவுக்கு சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் குழாய் பொருத்துகிற வேலை. ஆசைப்பட்டு வாங்கிய கார், நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். கியர்பாக்ஸ் பல் உடைந்துவிட்டது. மலாக்கா முழுக்கத் தேடியும் அதே ரகம் அகப்படவில்லை. முன் சக்கரம் மட்டும் இழுக்கும் காரின் கியர்பாக்ஸ்தான் பாயிடம் இருந்தது.

"எஞ்சின்ல கச்சிதமா உக்காரும் தம்பி. நடுவுல ஓடுற நீளத் தண்டைக் கழட்டிரு. ஆனா பின் சக்கரத்துக்குப் போற ரெண்டு ஷாஃப்ட்டையும் முழுசா உருவிராத. நுனியை மட்டும் பிரிச்சு, சக்கரத்துலயே வச்சு நட்டை முறுக்கணும். பேரிங்கைக் கட்டிப் பிடிச்சிருக்கிறதே அந்த நுனிதான். அது இல்லன்னா சக்கரம் ஒருநாள் கழண்டு ஓடிரும். யாரு மாட்டப் போறது?"

"மச்சான்தான் பாய்."

"மறக்காம சொல்லிரு லா."

மச்சான் என்றது மோகனாவின் அண்ணன் புவனேந்திரனை. ஆயர் குரோவில் வீட்டோரமாகத் தகரக் கூரை இறக்கிப் பட்டறை போட்டிருந்தார். உள்ளூர் கார்களில் கை பழகியவர். அவற்றின் பின் சக்கரம் தன் அச்சிலேயே சும்மா உருளும். உருவுவதற்கு ஷாஃப்ட்டே கிடையாது. கெட்டிக்காரர்தான். ஆனால் யாராவது யோசனை சொன்னால் ஸ்பானரைக் கீழே போட்டுவிடுவார். ஒருமுறை சித்தப்பா ஏதோ சொல்லப்போய், அவர் மகள் கல்யாணத்துக்கே போகாமல் இருந்தவர்.

அடுத்த மாதம் மோகனாவின் மகள் ஜெயாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேண்டும். இருப்பது ஒரே தாய்மாமன்.

"பாய் சொன்னதைச் சொல்லிட்டீங்களா?" என்று ஞாயிற்றுக்கிழமை பட்டறை வாசலில் கணவனிடம் கேட்டாள்.

"அவருக்குத் தெரியாததா? இப்பப் போயி பாய் பேச்சைத் தூக்கிட்டு நின்னா மூஞ்சி மாறிடும். காது குத்து முடியட்டும் மோகனா."

அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் காரடியிலிருந்து வெளியே வந்த புவனேந்திரன், ஒரு சாக்கைத் தூக்கிப் பின்பெட்டியில் வைத்தார். கழற்றிய சாமானை உடையவனிடமே கொடுத்துவிடுவது அவர் வழக்கம்.

"பின்னால ரெண்டும் இனி தண்டச் சோறு, மாப்ள. உருவிட்டேன். கார் வெயிட்டாவது குறையும்."

"கூலி மச்சான்?"

"என் மருமவளைத் தூக்கிட்டுப் போற காருக்குக் கூலியா? போய்யா!"

சக்கரத்துக்கொன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை எடுத்தார்கள். போகிற வழியில் மோகனா சாக்கை நினைத்துக்கொண்டே வந்தாள். வீட்டில் இறங்கியதும் திறந்து பார்த்தாள். இரண்டு ஷாஃப்ட்டும் நுனியோடு முழுசாகக் கிடந்தன.

"பாருங்க" என்றாள்.

நாகமுத்து வெகுநேரம் பார்த்தான். "காது குத்துக்கு இன்னும் பதினெட்டு நாள்தானே. மெதுவா ஓட்டுறேன்."

மூன்றாம் நாள் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஐந்தாம் நாள் அது வளைவில் மட்டும் நின்று, நேரே போகும்போது மறுபடி வந்தது. "டயர் சத்தம்" என்றான். ஆனால் ரேடியோவைப் போடுவதை நிறுத்திவிட்டான். ஒன்பதாம் நாள் காலையில் ஜெயா தானும் வருவதாக அழுதாள். என்றும் அவளை ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட்டுப் போகிறவன், அன்று ஏற்றவில்லை. மோகனா அதைக் கவனித்தாள். கவனித்தும் கதவைத் தாழிட்டாள்.

சுங்கை ஊடாங் சாலையில் இடது பின் சக்கரம் தனியாக ஓடிப் போய் ஒரு வேலியில் சாய்ந்து நின்றதாம். கார் எதிரே வந்த லாரிக்குள் போயிருந்தது.

நாகமுத்துவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின் புவனேந்திரன் வந்தார். ஜெயா அவர் மடியிலேயே தூங்கிப்போனாள்.

"பழைய பேரிங், மோகனா. நான் மாத்தியிருக்கணும்" என்றார். கொஞ்சம் கழித்து, "அதே ரகத்துல இன்னொரு வண்டி வந்து நிக்குது. நாளைக்கு அதுலயும் பின்னால ரெண்டையும் உருவணும். மனசே வரல" என்றார்.

அந்த வண்டிக்காரனுக்கும் ஒரு வீடு இருக்கும்.

"பேரிங் இல்லண்ணே" என்றாள் மோகனா. பாய் சொன்னதை, ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள்.

புவனேந்திரன், தூங்கும் பிள்ளையின் தலைக்கடியில் கை கொடுத்து, மெல்லப் பாயில் கிடத்தினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

மறுநாள் அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று தெரிந்தது.

ஜெயாவுக்கு மறுவருஷம் காது குத்தினார்கள். தாய்மாமன் வரவில்லை. மோகனாதான் மடியில் வைத்துக்கொண்டாள்.