நான்கு நாள் நின்ற பேட்டரி

1

இந்தக் கதையை ஒரே ஒரு வரியிலிருந்து எடுத்தேன். திருடினேன் என்றாலும் சரிதான்.

போன மாதம் என் பழைய போன் வாளித் தண்ணீரில் விழுந்து வாயை மூடிக்கொண்டது. புதிது வாங்கலாம் என்று மதிப்புரைகளை உட்கார்ந்து படித்தேன். முப்பது நாற்பது இருக்கும். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருந்தன. ஒருவர் மட்டும், பெயர்கூடப் போடாமல், இப்படி முடித்திருந்தார்: "ஒரு முறை சார்ஜ் போட்டால் எனக்கு நான்கு நாள் வருகிறது."

மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றரை நாள். போன் அதேதான், பேட்டரியும் அதேதான்.

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடடா நல்ல போன் என்று தோன்றவில்லை. இந்த மனுஷனுக்குப் பேச ஆளில்லை என்று தோன்றியது. போனை வாங்கினேனா இல்லையா என்பது வேறு விஷயம். கதை கிடைத்துவிட்டது.

(நான் கதை எழுதப் படித்தவன் இல்லை. பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. ஓய்வு நேரத்தில் கட்டைவிரலால் எழுதுகிறேன். எங்காவது வாக்கியம் பாதியில் நின்றால் மணி அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவன் தனியாக—" வேண்டாம். மழை வந்தாலே ஆள் அழப்போகிறான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இவன் அழுகிற ரகமில்லை.

இரண்டாவது: "அவனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம்." மனைவி கலகலப்பான பெண்*. இரண்டாவது பத்தியிலேயே பேட்டரி தீர்ந்துவிட்டது. இவளை வைத்துக்கொண்டு நான்கு நாளுக்கு நான் எங்கே போவது? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

* வேறு கதையில் நல்ல இடமாகப் பார்த்து வைக்கிறேன்.

மூன்றாவதுதான் நிலைத்தது: அவன் போன்களுக்கு மதிப்புரை எழுதுகிறவன். ஆபீசில் எல்லோரும் அவனைக் கப்பல் என்று கூப்பிடுவார்கள்.

காரணம் இருக்கிறது. ஒரு கம்பெனி தன் தலைப்பிள்ளையாக முன்னால் நிறுத்துகிற போனை ஃபிளாக்‌ஷிப் என்பார்கள். அவன் எழுதிய முதல் மதிப்புரை அப்படி ஒரு போனைப் பற்றித்தான். சுத்தத் தமிழில் எழுதியே தீருவேன் என்று அகராதியைப் புரட்டி, "இதுவே இந்த ஆண்டின் சிறந்த கொடிக்கப்பல்" என்று எழுதிவிட்டான். அகராதிப்படி சரிதான். கீழே முதல் வாசகர் கேட்டார், "எத்தனை பேர் ஏறலாம்?" அடுத்தவர், "லைஃப் ஜாக்கெட் பெட்டியோட வருமா, தனியா வாங்கணுமா?" அன்றைக்கு ஒட்டிய பெயர்.

(கப்பல் பல் தேய்த்தான், கப்பல் சட்டை போட்டான் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

இப்போது அவன் கையில் இருப்பது விலை குறைந்த கொடிக்கப்பல். பெரிய போனுக்குத் தம்பி என்று சொல்லலாம். மூளை அண்ணனுடையது. உடம்புதான் பிளாஸ்டிக். அண்ணனிடம் மூன்று கேமரா, தம்பியிடம் இரண்டு. கம்பெனி இதைப் பத்து நாளைக்குக் கொடுத்திருக்கிறது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

கப்பல் எழுதியதிலிருந்து கொஞ்சம்:

"வெயிலில் திரை தெரிகிறது. ஈரக் கையால் தொட்டாலும் கேட்கிறது. சோபாவில் வைத்தால் மட்டும் மெல்ல மெல்ல நகர்ந்து கீழே குதிக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் மூன்றாவது கேமரா இதில் இல்லை. தூரத்தில் இருப்பவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களேதான் போக வேண்டும். பேட்டரி: நான்கு நாள்."

சனிக்கிழமை காலை ஆசிரியர் இதைப் படித்தார். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறையில் அந்த இணையப் பத்திரிகையை நடத்துகிற அம்மா அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"நாலு நாளா?"

"நாலு நாள் மேடம். ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"யார்கிட்டல்லாம் பேசின?"

"பல் டாக்டர்கிட்ட. அப்பாயின்ட்மென்ட் மாத்தறதுக்கு."

"எவ்ளோ நேரம்?"

"நாப்பது செகண்ட் இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க திரும்பிக் கூப்பிட்டாங்க."

ஆசிரியர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "கப்பல், இது போனோட பேட்டரி இல்லப்பா. உன்னோட பேட்டரி. இதை வாங்கறவனுக்கு அம்மா இருப்பாங்க, மாமியார் இருப்பாங்க, ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் போடற பள்ளிக்கூட குரூப் இருக்கும். நீ எழுதற பக்கத்துக்குப் பேரு என்ன?"

"அன்றாடம்."

"ஆங். நாளைக்கு ஆறு மணிக்குள்ள ஒரு மனுஷன் மாதிரி யூஸ் பண்ணிப் பாத்துட்டு நெஜ நம்பரை எழுது. முடியாதுன்னா சொல்லிடு, கோவிச்சுக்க மாட்டேன். பக்கத்தை கேம்ஸ் எழுதறவருக்குக் குடுத்துடறேன். அவருக்கு மூணு தங்கச்சி."

4

இங்கே அவனை ஏமாற்ற விட்டுப் பார்த்தேன். சனி மதியம் ஏதோ மீன் தொட்டி வீடியோவை ஓடவிட்டு, போனைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்தான். மீன்கள் மூன்று மணி நேரம் நீந்தின. அவனே எட்டிப் பார்த்துவிட்டு அணைத்தான். "இதுவும் பேச்சு இல்லையே," என்று மீனிடம் சொன்னான்.

பிறகு போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டான்.

"வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா கொஞ்ச நேரம் பேசுங்க."

"சும்மா பேச எங்களுக்கு ஆப்ஷன் இல்லைங்க சார்."

"நீங்க சாப்டீங்களா?"

அந்தப் பெண் யோசித்தாள். "அதுக்கும் ஆப்ஷன் இல்லைங்க சார். சாப்டேன்." சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஆறு நிமிடம் ஆகியிருந்தது. பேட்டரியில் ஒரு சதவீதம் குறைந்து எழுபத்தொன்றில் நின்றது. ராத்திரி போனை அணைத்து வைத்தான்.

ஞாயிறு காலை, சட்டைப் பையில் அதே எழுபத்தொன்றோடு அவன் சன்னல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கூப்பிடக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளைத்தான் அவனும் நானும் இவ்வளவு நேரம் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தோம்.

5

அவனுக்கு ஒரே ஒரு அக்கா. இரண்டு ரயில் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள். பதினான்கு மாதம் முன்னால் ஒரு படம் அனுப்பினாள். புது வீட்டுச் சன்னலுக்கு அவளே தைத்த திரைச்சீலை. கீழே, "எப்படிடா இருக்கு?"

அன்றைக்குக் கப்பல் வரிசையாக மூன்று ஹெட்போனுக்கு எழுதிக் களைத்திருந்தான். கை தன் பழக்கத்தில் ஓடியது:

"வெளிச்சத்தில் நிறம் சற்று வெளிறுகிறது. இடது ஓரம் நேராக இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதும். ஐந்துக்கு இரண்டரை."

அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனான். வந்து பார்த்தபோது அவள் படித்திருந்தாள். பதில் இல்லை. அதற்கப்புறமும் இல்லை.

'சாரிக்கா' என்று எழுதி எழுதி அழித்தான். ஒரு வாரம் போனது, கூச்சம் வந்தது. ஒரு மாதம் போனது, பயம் வந்தது. பிறகு கூப்பிடுவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது மட்டும்—

(மணி. வந்துவிட்டேன்.)

எனக்கு இங்கே ஒரு சந்தேகம். இத்தனை சின்ன விஷயத்துக்கு ஒருத்தன் பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பானா? வேலையில் என்னோடு விரிப்பின் அந்த முனையைப் பிடிக்கிற அண்ணனிடம் கேட்டேன். அவர் மடிப்பதை நிறுத்தாமலே சொன்னார், "பெரிய விஷயமா இருந்தா கத்திக் கூச்சல் போட்டு அடுத்த வாரமே பேசிருப்பாங்கய்யா. சின்ன விஷயந்தான் நீளும்." அவர் பேச்சை நம்பி மேலே போகிறேன்.

6

மணி பத்தரை. போட்டான். நான்காவது மணியில் எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"எந்த நான்தான்?"

'அக்கா, ஆபீஸ் விஷயமா ஒரு சின்ன டெஸ்ட்' என்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தான். வாயில் வந்தது வேறு.

"ரெண்டரை," என்றான்.

"ரெண்டரையா!" என்றாள் அக்கா. பிறகு எங்கோ தள்ளி ஒரு சின்னக் குரல்: "யாரும்மா? ரெண்டரை மாமாவா?"

கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

போனைப் பிடுங்கிக்கொண்ட குரல் அக்கா மகளுடையது. ஏழு வயது. "மாமா, நீங்க நெஜமாவே இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. ரெண்டரை மாமான்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுவாங்க. எங்க வீட்ல எல்லாத்துக்கும் மார்க் உண்டு. அம்மா ஆம்லெட் போட்டா அப்பா மூணே கால்னு சொல்லுவாரு. நான் யானை வரைஞ்சா நாலு. கொடை ஒடஞ்சுதே, அதுக்கு ஒண்ணு. ரெண்டரை மட்டும் போடக் கூடாது."

"ஏன்?"

"அது உங்களோடது. வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க."

அக்கா போனைத் திரும்ப வாங்கினாள். "டேய் பாவி. வீட்ல பால் திரிஞ்சாக்கூட 'அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதும்'னுதான்டா இவரு சொல்றாரு. ஒரு நாளைக்குப் பத்து தடவை உன் பேச்சு. உனக்குத்தான் வாயில்ல."

"நீ கோவமா இருப்பேன்னு நெனச்சேன்க்கா."

"இருந்தேன். மூணு நாள். அப்புறம் நீ கூப்பிடலேன்னு கோவம். அது வேற கணக்கு, அதுக்கு தனியா அடி இருக்கு. மூஞ்சியக் காட்டு முதல்ல."

வீடியோவுக்கு மாறினார்கள். அக்கா வீடு முழுவதும் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கடைசியில் அந்தச் சன்னல். திரைச்சீலை அங்கேயே தொங்கியது.

"இப்ப நேர்ல பாத்துச் சொல்லு."

அவன் பார்த்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தான். நானும் யோசித்தேன். ஒரு வரைவில் சொல்லவும் விட்டேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"இடது ஓரம் இன்னும் கோணல்தான்க்கா."

"எனக்குத் தெரியாதாடா? தைச்சவ நான். தெரிஞ்சதைச் சொல்லச் சொல்லியா படம் அனுப்புவாங்க? நல்லாருக்குன்னு சொல்லத்தான்டா அனுப்பறது. இவ்ளோ போன் பாக்கற, இது தெரியல." சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கீழே உட்கார்ந்துவிட்டாள். கேமரா ஆடி, கொஞ்ச நேரம் மேலே ஓடும் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

நாற்பத்தெட்டு சதவீதத்தில் அக்கா வீட்டுக்காரர் வந்து தலையை நீட்டி, "வாய்யா கப்பல், கரை தட்டிச்சா?" என்றார். ஆக, மதிப்புரைகளையும் கீழே வந்த கேலியையும் அந்த வீட்டில் விடாமல் படித்திருக்கிறார்கள். முப்பத்தைந்தில் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள், இவன் போனைத் தம்ளர்மேல் சாய்த்து இந்தப் பக்கம் தானும் தட்டு வைத்துக்கொண்டான். இருபத்திரண்டில் யானை வந்தது. தும்பிக்கை இரண்டு இருந்தது. கப்பல் யோசிக்கவேயில்லை, ஐந்து கொடுத்தான். "ஐஞ்செல்லாம் யாருக்குமே குடுத்ததில்ல," என்று மகள் அப்பாவிடம் ஓடினாள்.

ஒன்பதில் போன் கெஞ்சியது. சார்ஜர் நான்கு அடி தள்ளிச் சுவரில் இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. சோதனை என்றால் சோதனை.

இரண்டு சதவீதம். அக்கா ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "டேய், இதை உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன். இவருக்கே இன்னும் தெரியாது. சிரிக்காமக் கேளு. நான் வந்து—"

திரை கறுத்துவிட்டது.

7

அவன் முதலில் செய்தது என்ன தெரியுமா? மணியைப் பார்த்தான். மூன்று ஐம்பத்திரண்டு. எழுபத்தொன்றிலிருந்து ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடம் என்று கையில் எழுதிக்கொண்டான். அப்புறம்தான் ஐயோ என்று சார்ஜரை நோக்கிப் பாய்ந்தான்.

மதிப்புரை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பக்கமும் அவனிடமே நிற்கிறது. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். "அக்காவோடு பேசினால் ஐந்தரை மணி நேரம்கூட வராது, ஆனாலும் வாங்கலாம்" என்ற அவன் வரியை ஆசிரியர் வெட்டவில்லை.

எனக்கு மாட்டிக்கொண்டது அக்காவின் வாக்கியம்தான்.

"நான் வந்து தையல் கிளாஸ்ல சேந்திருக்கேன்டா." எழுதினேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும்?

"நான் வந்து உன் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கேன்." இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அழிக்க மனசு வரவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதாலேயே சந்தேகமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

"நான் வந்து அந்த ஓரத்தை வேணும்னேதான் கோணலா—" சும்மா எழுதிப் பார்த்தது.

எதிரே மடிக்கிற அண்ணனிடமும் கேட்டேன். "எனக்கு ரெண்டு அக்கா, ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்லுவாங்க. உங்க அக்கா என்ன சொல்லுவாங்க, அதை எழுது," என்றார்.

எனக்கு அக்கா இல்லை. அதனால்தான் இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்போது கப்பல் சார்ஜர் பக்கத்தில் சுவரில் தலையைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். போன் உயிர் பெற இரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பக்கம் அக்கா வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.

உங்களில் யாருக்காவது அக்கா இருந்தால் ஒரு போன் போட்டு, "நான் வந்து" என்று தொடங்கினால் அவள் எதில் முடிப்பாள் என்று கேட்டுவிடுங்கள். அதுவே என் முடிவும். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.