நீதிபதி எத்தனை அடி நடந்தாள்

1

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, என் தங்கை வீட்டின் உள் அறையில் நான் ஒன்றைப் பார்த்தேன். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. சொன்னபோது யாரும் நம்பவுமில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பத்திரிகையில் செய்தி எழுதுகிறவன் நான். பார்த்ததைச் சொன்னால் நம்புவார்கள் என்ற பழக்கத்தில் இருந்துவிட்டேன். கதையும் எழுதுகிறவன் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். வீட்டில் உள்ளவர்கள் மறக்கவில்லை.

இதைச் செய்தியாக எழுதுவதா கதையாக எழுதுவதா என்று தெரியாமலேயே தொடங்குகிறேன். இதுவரை மூன்று தொடக்கங்கள் ஆகிவிட்டன.

‘அந்த அறையில் பலூன்களைத் தவிர வேறெதுவும் அசையவில்லை.’ இது முதலாவது. பொய். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

‘ஒரு வீட்டில் நடக்காத குழந்தை ஒன்று இருந்தது.’ இது இரண்டாவது. தங்கை படித்தால் என் கையை ஒடிப்பாள்.

‘இரட்டையரில் ஒருத்தி நடப்பாள், இன்னொருத்தி—’

மூன்றாவது அங்கேயே நிற்கிறது. அந்தக் கோட்டுக்குப் பிறகு என்ன வரவேண்டும் என்பதுதான் பிரச்சினையே.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கைக்கு இரட்டைப் பெண்கள். வயது ஒன்றரை. மூத்தவளை வீட்டில் ‘தபால்’ என்று கூப்பிடுகிறோம். பதினோராவது மாதத்தில் நடக்கத் தொடங்கியவள். அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப்போய் யாரிடமாவது சேர்ப்பதுதான் அவள் வேலை. சாவி, கரண்டி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை முழுசாக நனைந்த சோப்பு. பத்து நிமிடம் இளையவள் ‘நீதிபதி’. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை உச்சி முதல் பாதம் வரை பார்ப்பாள். எங்காவது போக வேண்டுமென்றால் உட்கார்ந்தபடியே உடம்பை உந்தி உந்தி நகர்வாள். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பாள். பிடியை விட்டு நடந்ததில்லை.

குழந்தை மருத்துவர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார். பிடிமானம் இல்லாமல் சில அடிகளாவது வைத்திருந்தால் இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். ஒன்றுமே இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் படம் எடுத்துவிடலாம் என்றார். தங்கைக்கு இரண்டிலும் பயம். மயக்க மருந்து என்றால் ஒரு பயம். காத்திருந்துவிட்டு, காத்திருந்திருக்கக் கூடாது என்று பிறகு தெரியவந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

தங்கை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நான் தாய்மாமன். அவ்வளவு பேர்தான். இன்னும் ஒருவர் வருவார், வந்து ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போவார்.

3

முதல் பிறந்தநாளன்று இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். அதன்பிறகு மாப்பிள்ளைக்கு ஓயாத வேலை. தள்ளித் தள்ளி ஒன்றரை வயதில் விழா வந்து நின்றது. “ஒண்ணரைக்கு மெழுகுவத்தி எப்படிங்க வைக்கிறது?” என்று கேக் கடைக்காரர் கேட்டாராம். “ஆளுக்கு ஒண்ணரை, மொத்தம் மூணு. மூணு கொடுங்க” என்றாராம் மாப்பிள்ளை.

மூன்றரை மணிக்கு அவர் அந்தக் கேக்கை வாங்கப் போயிருந்தார். தங்கை சமையலறையில் இருந்தாள். தபால் மெத்தையில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தேன். நீதிபதி எனக்கு முதுகைக் காட்டியபடி பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து நின்றிருந்தாள்.

நாற்காலியை விட்டாள். மெத்தையை நோக்கி நடந்தாள்.

(இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. அதை மூழ்கடித்துவிட்டேன். மூன்றாம் வரைவில் நீதிபதியின் கையில் தபாலின் காலுறை ஒன்று இருந்தது. அதைக் கொண்டுபோய்த் தூங்குகிறவள் பக்கத்தில் வைத்தாள். அழகாகத்தான் இருந்தது. காலுறை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.)

தபால் புரண்டு கண்ணைத் திறந்தாள். நீதிபதி நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். என் வாயிலிருந்த பலூன் கழன்று, அறை முழுக்கச் சீறிவிட்டு விழுந்தது.

4

“நடந்துட்டா” என்றேன், சமையலறை வாசலில் நின்று.

“யாரு?”

“நீதிபதி. நாலு அடி. எதையும் பிடிக்கல.”

தங்கை கையைக்கூடத் துடைக்காமல் வந்தாள். குழந்தையைத் தூக்கி நிறுத்திக் கையை விட்டாள். நீதிபதி உட்கார்ந்தாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி உட்கார்ந்தாள். ஐந்தாம் முறை, அம்மாவின் ஈரமான கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை கேக் பெட்டியோடு உள்ளே வந்ததும் அவரிடம் ஓடினேன். “ஆறு அடி இருக்கும் மாப்ளே.”

“மூணரைக்கு நாலு, நாலு மணிக்கு ஆறு” என்றாள் தங்கை. “விருந்தாளிங்க வர்றதுக்குள்ள மாடி ஏறிடுவா போல.”

“பதட்டத்துல சரியா எண்ணல.”

“அண்ணா, என் பிரசவத்தப் பத்தி ஒரு கதை எழுதினியே. ரெண்டு பிள்ளைங்களையும் கையில கொடுத்ததும் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்னு.”

“அது கதைதானே.”

“நான் அழல. சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டேன். இப்ப அத யாரு நம்புறா? பெரியப்பா வீட்டு அக்கா போன மாசம் என்கிட்டயே சொல்றா, அன்னைக்கு நீ அழுத அழுகை இன்னும் கண்ணுலயே நிக்குதுடின்னு. அன்னைக்கு அவ ஊர்லயே இல்ல.”

“அழுதியே” என்றார் மாப்பிள்ளை, மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டே.

தங்கை அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

5

ஐந்து மணிக்கு வீடு நிறைந்தது. செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. (எப்படியோ என்ன, நான்தான் வாசலில் நின்று சொன்னேன்.) பதினாறு பேர் வட்டம் கட்டிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நீதிபதி நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக விசாரித்தாள். தபால் அந்த நேரத்தில் வாசலுக்குப் போய், கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தன் தங்கை முன்னால் வைத்தாள். நீதிபதி ஒவ்வொன்றையும் வாங்கி, புரட்டி அடிப்பாகத்தைப் பார்த்து, ஓரமாக வைத்தாள். கேக் வெட்டுவதற்குள் இருபத்து மூன்று சேர்ந்திருந்தன.

“ஒண்ணு கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு வந்திருக்கு, ஒண்ணு பசை தடவிக்கிட்டு வந்திருக்கு” என்றாள் பெரியப்பா வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வருணிக்கப் போவதில்லை. வருணித்தால் நாளைக்கு அது வேறு சிரிப்பாகிவிடும்.

6

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, விபத்து நடந்த இடத்துக்கு நிருபர் போவதுபோல் அந்த அறைக்குப் போனேன். டேப்பின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

“நாற்காலி எங்க இருந்துச்சு மச்சான்?”

“இங்க.”

“அது நேத்து விழா முடிஞ்சு நான் போட்ட இடம்.”

அப்படியானால் அதற்கு முன் எங்கே இருந்தது? எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிய நாற்காலி தெரிகிறது, அதன் நிறம்கூடத் தெரிகிறது. அறையில் இருப்பது வேறு நிறம்.

அவள் மறுபடி நடந்தால் பதிவாகட்டும் என்று மாப்பிள்ளை அன்று காலையே அலமாரியில் தன் போனைச் சாய்த்து வைத்து, கேமராவை ஓட விட்டிருந்தார். தபால் விழித்ததும் அதைக் கண்டுபிடித்து, உரியவரான நீதிபதியிடம் ஒப்படைத்துவிட்டாள். எங்களுக்குக் கிடைத்த ஆதாரம், நீதிபதியின் மூக்குத் துவாரம், பதினொரு நிமிடம்.

“எனக்கு இது புதுசில்ல மச்சான்” என்றார். “நாலாவது மாடில லிஃப்ட் குலுங்குதுன்னு போன் வரும். நான் போய் ஏறினா பூ மாதிரி போகும். இறங்கி வண்டிய எடுத்தா மறுபடி போன் வரும். அதுக்காக அவங்க பொய் சொல்றாங்கன்னு ஆயிடுமா?”

“அப்ப நீங்க என்ன நம்புறீங்க?”

அவர் டேப்பைச் சுருட்டினார். “அவ அழுதான்னுதான் எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு. நான் பக்கத்துலயே நின்னேன். அவ இல்லங்கிறா. இதுக்கு மேல எத நம்புறதுன்னு எனக்குத் தெரியல.”

நடந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் மறைக்க வேண்டும்? பேருந்தில் திரும்பும்போது இதைத்தான் குடைந்துகொண்டிருந்தேன். எல்லாம் கைக்கே வந்து சேரும்போது கால் எதற்கு என்பது ஒரு விளக்கம். தான் நடக்கத் தொடங்கினால் அக்காவுக்கு வேலை போய்விடும் என்பது இன்னொன்று. ஒன்றரை வயதில் ஒருத்தி மற்றவளுக்காகத் தன் கால்களை ஒளித்துவைத்திருக்கிறாள், பார்க்க ஆளில்லாத பிற்பகல்களில் மட்டும் அவற்றை வெளியே எடுத்து—

நிறுத்துகிறேன். எழுதும்போது விரல் தானாக ஓடுகிறது. அப்படி ஓடினால் அது நான் பார்த்த குழந்தை இல்லை.*

* ஆனாலும் அவள் உட்கார்ந்த விதம் உறுத்துகிறது. தடுமாறி விழுந்தவள் போல இல்லை. வேண்டுமென்றே உட்கார்ந்தவள் போல இருந்தது. ‘போல’ என்ற சொல்லை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. மருத்துவமனை நடைக்கூடத்தில், எல்லோர் முன்னாலும் நீதிபதி எழுந்து நடக்கிறாள். தங்கை இந்த முறை உண்மையிலேயே அழுகிறாள். பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் உடனே போடுவார்கள். எனக்கே இரண்டு நாள் பிடித்திருந்தது.

ஆ. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சற்றுநேரம் பேசாமல்—

இதை முடிக்க மாட்டேன்.

இ. இப்போது நடப்பது.

8

புதன்கிழமை சாயங்காலம் தங்கை என் அலுவலகத்துக்கே வந்தாள். கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. மருத்துவமனையில் கொடுத்த தாள் ஒன்றை என் மேசைமேல் விரித்தாள். பிறந்த எடை, முதல் பல், முதல் சொல் எல்லாம் அவள் கையெழுத்தில் நிரம்பியிருந்தன. ஒரு கட்டம் மட்டும் காலி. ‘பிடிமானமின்றி நடந்ததை யாரேனும் பார்த்ததுண்டா? விவரம்.’

“இல்லன்னு எழுதத்தான் போனேன்” என்றாள். “எழுத வரல. உண்டுன்னும் எழுத வரல. நான் பாக்கலையே.”

“என்னை நம்பலதானே நீ.”

“நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லவே இல்லண்ணா. கடையில தினமும் பாக்குறேன். கடைசி வரி தெரியுதான்னு கேட்டா, தெரியுதுன்னு படபடன்னு படிப்பாங்க. முதல் கண்ணுல படிச்சது மனசுல நின்னிருக்கும். அவங்களுக்கு நிஜமாவே தெரியுற மாதிரிதான் இருக்கும். நான் அட்டைய மாத்திட்டுக் கேப்பேன். உனக்கு மாத்துறதுக்கு என்கிட்ட வேற அட்டை இல்ல.”

“நான் பாத்தது தப்பாப் போச்சுன்னா?”

“ரெண்டு மாசம் வீணாப் போகும். வீணாப் போறது உன் கதை இல்ல, என் பொண்ணு. இல்லன்னு எழுதி நீ சொன்னது நிஜமா இருந்தா, சும்மா கிடக்குற பிள்ளைக்கு மயக்க ஊசி. அதனாலதான் நீ எழுதுன்னு வந்திருக்கேன். நறுக்குன்னு எழுது.”

மேசையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

எழுதினேன். எழுதியவற்றில் நான்கு சொற்களை அடித்தேன். மிஞ்சியது இது: ‘ஞாயிறு, பிற்பகல் சுமார் 3.30. பார்த்தவர் தாய்மாமன். நாற்காலியை விட்டுவிட்டு மெத்தைப் பக்கமாக நடந்தாள். இரண்டு அடிகள் உறுதி. அதற்கு மேலும் வைத்தாள் என்று நினைக்கிறேன், எண்ணிக்கை தெரியாது. இரண்டு கைகளிலும் எதுவும் இல்லை. பிறகு உட்கார்ந்தாள்.’

தங்கை தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தாள். கிட்டத்தில் பிடித்து மறுபடி படித்தாள்.

“நாலு, ஆறு, இப்ப ரெண்டா?”

“ரெண்டுதான் சத்தியம் பண்ண முடியும்.”

தலையாட்டினாள். பிறகு, “பார்த்தவர் என்ன வேலை செய்றாருன்னும் போடு” என்றாள்.

“அது கேக்கலையே.”

“கேக்கலதான். போடு. டாக்டரும் தெரிஞ்சுக்கட்டும்.”

தாய்மாமன் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, ‘கதை எழுதுபவர்’ என்று எழுதினேன். அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, “இது நல்லா இருந்துச்சுண்ணா” என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை இந்தக் கதைக்குள் வராது. நாளைக் காலை பத்து மணிக்கு மருத்துவர் கையில் அந்தத் தாள் இருக்கும். அவருக்குக் கிடைக்கப்போவது சில வரிகளும் ஓர் அடைப்புக்குறியும்தான். உங்களிடம் அதைவிட அதிகம் இருக்கிறது. பலூன், செருப்புகள், வராத காலுறை, நிறம் மாறிய நாற்காலி எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். எதிரே என் தங்கை இருக்கிறாள், நீங்கள் வாய் திறப்பதற்காகக் காத்திருக்கிறாள். பொறுத்துப் பார்க்கலாம் என்பீர்களா, படம் எடுத்துவிடலாம் என்பீர்களா?

அவசரப்பட வேண்டாம். அவள் மடியில் இருப்பவள் உங்களை உச்சியிலிருந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். பாதத்துக்கு வந்துசேர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.