கொக்கி விழும் சத்தம்

படுக்கையில் கிடந்த அப்பா ஆர்லனின் கை மறுபடியும் போர்வை ஓரத்தைப் பற்றி இழுத்தது. ஹைடி அந்த விரல்களைப் பிரித்து விட்டாள். விட்டதும் அந்தக் கை பழையபடி இழுக்கத் தொடங்கியது.

"கேட் மூடியிருக்கா?"

"மூடியிருக்குப்பா. தம்பி நேத்தே போய்ப் பாத்துட்டான்."

"கொக்கி விழுற சத்தம் வந்துச்சா?"

ஜன்னலோரம் நின்றிருந்த கர்ட், "வந்துச்சுப்பா. நல்லாவே வந்துச்சு," என்றான். சொல்லும்போது வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி பொய் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பது ஹைடிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவுக்கும் தெரியும்போல. கை ஓயவில்லை.

இன்றைய பொழுது தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு லோயிஸ் கொண்டுவந்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் அடுப்படியில் தொடுவாரில்லாமல் ஆறிப்போயிருந்தது. அம்மா மார்லிஸ் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹைடி தம்பியை அங்கே தள்ளிக்கொண்டு போனாள்.

"வண்டிய விட்டு எறங்குனியா?"

"எதுக்கு? வண்டில இருந்தே தெரிஞ்சுது. மூடித்தான் இருந்துச்சு. அந்தக் குளிர்ல எறங்கி கேட்டுக்குக் கை குடுக்கணுமா?"

"அப்ப சத்தம் வந்துச்சுன்னு ஏன்டா சொன்ன?"

"சாகப்போறவர்கிட்ட வேற என்னக்கா சொல்றது?"

அவளுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றுதான் இருந்தது.

நெடுஞ்சாலையோரம் ஆர்லனுக்கு வரிசையாக மூன்று கடைகள். துணி துவைக்கும் கடை, பீட்சாக் கடை, தூண்டில் சாமான் கடை. மூன்றும் வாடகைக்கு விட்டவை. பின்னால் மழைத்தண்ணீர் தேங்கும் குளம். ஒரு குளிர்காலத்தில், குளத்துக்கு அப்பால் உள்ள சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீடுகளிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி உறைந்த தண்ணீர்மேல் நடந்துபோனாள். நடுவில் பனிக்கட்டி உடைந்தது. ஆர்லன் வயிற்றால் ஊர்ந்துபோய் அவள் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டார். பிறகு காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வேலி போடாவிட்டால் அடுத்த வருஷம் பாலிசி கிடையாது, இன்னொருத்தர் விழுந்தால் வழக்கு உங்கள் தலையில்தான் என்றார்கள். "ஒரு பிள்ள போகப் பாத்துச்சு, இவனுங்க வழக்கப் பத்திப் பேசுறானுங்க," என்று வைதுகொண்டேதான் வேலியும் அதற்கு ஒரு கேட்டும் போட்டார். கம்பங்களுக்குக் குழி தோண்டியது கர்ட். அன்றிலிருந்து சர்ச்சுக்குப் போகாத ஞாயிறு உண்டு, சாயங்காலம் அந்தக் கேட்டை ஆட்டிப் பார்க்காத நாள் அவருக்குக் கிடையாது. படுக்கையில் விழுந்தபிறகுதான் நின்றது.

ஹைடி கோட்டை மாட்டினாள். மார்லிஸ் வழியை மறித்தாள்.

"போகாத. நீ திரும்பி வர்றதுக்குள்ள..."

ஹைடி தயங்கினாள். அவர் கண் மூடும்போது பக்கத்தில் இல்லாமல் போனால் வாழ்நாளெல்லாம் மனசு ஆறாது. அப்போது படுக்கையிலிருந்து குரல் வந்தது. "அவ போகட்டும்."

வண்டியை ஓட்டிய வழியெல்லாம், திரும்பிவிடலாமா என்றே நினைத்துக்கொண்டு போனாள்.

குளத்து வேலியருகே எஞ்சினைக்கூட நிறுத்தாமல் இறங்கினாள். கேட் மூடித்தான் இருந்தது. கம்பி வலை, குழாய்ச் சட்டம், கம்பத்தோடு ஒட்டி நின்ற கொக்கி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கையுறை விரலால் லேசாகத் தள்ளினாள். அது பேசாமல் உள்பக்கம் திறந்துகொண்டது.

உள்ளே பனியில் சின்னக் காலடிகள் குளத்தைப் பார்த்துப் போயிருந்தன.

அவள் ஓடினாள். காலடிகள் கரைவரை போய், அங்கேயே கொஞ்சம் மிதித்துக் குழப்பி, வந்த வழியே திரும்பியிருந்தன. பனிக்கட்டிமேல் ஒரு தடமும் இல்லை. இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டாள். வேலி ஓரமாகத் திரும்பி வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் போனில் அழைத்தாள்.

"இருக்காராடா?"

"இருக்கார். கண்ணு மூடியிருக்கு. கைதான் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கு."

"போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் காதுகிட்ட வை."

கேட்டை வேகமாக அறைந்தாள். கொக்கி கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது. மறுபடி அறைந்தாள். மறுபடியும் அப்படித்தான்.

"என்னக்கா, ஒண்ணும் கேக்கலயே."

"விழ மாட்டேங்குதுடா. கம்பம் மேல எழும்பி நிக்குது."

குழி ஆழமாக இருந்தால் கம்பம் அசையாது. ஆழம் போதாவிட்டால், குளிரில் மண் உறைந்து பொங்கும்போது கம்பத்தையும் சேர்த்து மேலே தள்ளிவிடும். கர்ட் தோண்டிய குழி அது. போனில் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல், காற்றைப்போல.

"கால் வச்சுத் தூக்கச் சொல்லு."

"காலக் குடுத்துத் தூக்கணுமாம்க்கா," என்றான் கர்ட். அவன் குரல் உடைந்திருந்தது.

ஹைடி குனிந்து பார்த்தாள். கேட்டின் அடிக்குழாய் எங்கும் மங்கிக் கிடக்க, ஓரிடம் மட்டும் பூட்ஸ் முனை பட்டுத் தேய்ந்து பளபளத்தது. எத்தனை குளிர்காலமாக இப்படித் தூக்கிக்கொண்டிருந்தாரோ. மகனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதே இடத்தில் தன் பூட்ஸைக் கொடுத்துத் தூக்கினாள். கொக்கி கம்பத்தைக் கவ்விக்கொண்டு விழுந்தது. கனமான, நல்ல சத்தம்.

"கேட்டுச்சா?"

"இன்னொரு தடவ போடச் சொல்றார்."

திறந்து, தூக்கி, மறுபடி போட்டாள்.

"கை நின்னுடுச்சுக்கா. இன்னொரு தடவ போடு."

போட்டாள். குளிரில் காது எரிந்தது. போனில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"இன்னொண்ணு போடட்டுமா, கர்ட்?"

கர்ட்டுக்குப் பதிலாக மார்லிஸின் குரல் வந்தது.

"போதும்மா. வீட்டுக்கு வா."

போனைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டுப் புறப்பட்டாள். முகத்துக்கு நேரே கம்பி வலை இருந்தது. வண்டி அந்தப் பக்கம் புகைவிட்டுக்கொண்டு நின்றது. உள்ளே நின்றபடியேதான் கேட்டைப் போட்டிருக்கிறாள். வெளியே போக அதே கொக்கியைத் தூக்கியாக வேண்டும்.

கையுறையைக் கழற்றிக் கொக்கியில் கை வைத்தாள். வைத்த கை வைத்தபடி நின்றாள்.