பதினோராம் பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஸ்கேலிலிருந்து. தோழியின் மேசையில் கிடந்த சாதாரண பிளாஸ்டிக் ஸ்கேல். ஒரு பெரிய நாளிதழில் ஒன்பது வருடம் நிருபராக இருந்தவள், அழுதுகொண்டே வேலையை விட்டுவிட்டு, இப்போது அண்ணியோடு சேர்ந்து பாட்காஸ்ட் நடத்துகிறாள். முதல் பக்கத்தில் வந்த பொய், பின்னால் எங்கோ வந்த திருத்தம், இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து வாராவாரம் சொல்வார்கள்.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "உண்மை என்பது ஒரு விளக்கைப் போல..." விளக்கை அணைத்துவிட்டேன்.)

2.

ஸ்டூடியோ என்றால் துணி அலமாரி. எதிரொலி வரக்கூடாதென்று தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே இருவரும் தலையை விட்டுக்கொண்டு பேசுவார்கள். ஊடகங்களின் மனசாட்சியை உலுக்கும் குரல் அண்ணனின் கோட்டுப் பைக்குப் பக்கத்திலிருந்து வருவது நேயர்களுக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு டீச்சரின் கதை. "கேள்வித்தாளைக் கசியவிட்ட ஆசிரியை": முதல் பக்கம், படத்தோடு, இருபத்தெட்டு சென்டிமீட்டர். கசியவிட்டது வேறு ஆள் என்று தெரிந்ததும் வந்த திருத்தம்: பதினோராம் பக்கம், டயர் விளம்பரத்துக்குக் கீழே, ஒன்றரை சென்டிமீட்டர். பள்ளி நிர்வாகத்தில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. டீச்சர் இன்னும் சஸ்பென்ஷனில். பாட்காஸ்ட் பரவிய பிறகுதான் நிர்வாகம் இறங்கி வந்தது. திங்கட்கிழமை மறுவிசாரணை, அங்கே அந்த எபிசோடைப் போட்டுக் கேட்கப் போகிறார்கள்.

3.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த நாளிதழின் எடிட்டர், அவளுடைய பழைய எடிட்டர், போன் செய்தார்.

"என்னம்மா, நல்லா இருக்கியா? டீச்சர் எபிசோடுல நான் பதிலே தரலைன்னு மூணு தடவை சொல்லியிருக்க. அனுப்பினேனே. தேடிப் பாரேன்."

தேடினாள். ஸ்பாமில், வழுக்கை மருந்துக்கும் எடைகுறைப்பு மாத்திரைக்கும் நடுவில், "தவறுக்கு வருந்துகிறோம்" என்று மூன்று வரி. எபிசோடு வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பே வந்திருந்தது.

"திருத்தம் போடுவேல்ல? பதினோராம் பக்கம்னாலும் எனக்குப் பரவாயில்லம்மா."

(வில்லனை இவ்வளவு மரியாதையாகப் பேசவிடலாமா என்று தயங்கினேன். அவர் அப்படித்தான் பேசுவார். இதுவரை படித்த தோழி, "நான் எப்ப அழுதேன்? லிஃப்ட் வரைக்கும் சிரிச்சுட்டேதான் போனேன்" என்றாள். சரி.)

4.

"அந்த எபிசோடோட வால்ல சேர்த்துடு," என்றாள் அண்ணி. "நாப்பதாவது நிமிஷம். அதுவரைக்கும் யாரு கேக்கப் போறா?"

"அண்ணி, நாம வாராவாரம் எதை அளக்குறோம்?"

"அவங்களை. நம்மளை இல்ல."

"முதல்லயே போட்டா?"

"திங்கக்கிழமை அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டதும், 'இதுங்களே தப்புன்னு ஒத்துக்கிச்சுங்க'ன்னு எழுந்து போயிடுவாங்க. அந்த டீச்சருக்கு நீ பதில் சொல்லுவியா?"

தோழி டீச்சருக்கே போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "போடுங்க. எங்க போடறதுன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. என்னைப் பத்திப் போட்டப்ப யாரும் கேக்கல."

5.

முடிவு ஒன்று: முதல் நிமிடத்திலேயே போடுகிறாள். நிர்வாகம் முழுசாகக் கேட்கிறது. நேர்மை வெல்கிறது. (எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.)

முடிவு இரண்டு: நாற்பதாவது நிமிடம். டீச்சர் வேலைக்குத் திரும்புகிறார். எடிட்டர் ஒரு ஸ்கேல் வாங்குகிறார்.

முடிவு மூன்று: சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டு, மைக்கை ஆன் செய்து, அவள்

இருங்கள். அவளுக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் பகுதியில் அவள் அழுததாக எழுதியது பொய். கதைக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டுமென்று நானாகச் சேர்த்தது. திருத்தத்தை மூன்றாம் பகுதியின் வாலில், அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன். முதல் பகுதியைத் தொடவில்லை. வாக்கியம் நன்றாக வந்திருந்தது.

மைக் ஆனில் இருக்கிறது. எந்த நிமிடம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அளப்பீர்கள்.